பழைய காரில் பிரேக் பைப் நட்டு கழல மறுத்தால்: அறிகுறி பார்த்து வேலை செய்யும் முறை

பழைய காரில் பிரேக் வேலை என்றால் புது சாமானை மாட்டுவதற்கு அதிக நேரம் ஆகாது, பழையதைக் கழற்றத்தான் நேரம் போகும். வீல் சிலிண்டரை (சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் சிலிண்டர்) மாற்றலாம் என்று சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தால், பின்னால் பிரேக் பைப்பைப் பிடித்திருக்கிற சின்ன நட்டு மண்ணும் துருவும் சேர்ந்து ஒரே கட்டியாக நிற்கும். சாதாரண ஓபன் ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு இழுத்தால் போதும், நட்டின் மூலைகள் மழுங்கிவிடும், அதற்கப்புறம் அந்த நட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: இந்த இணைப்பில் எந்தப் பக்கத்தைக் காப்பாற்றப் போகிறீர்கள்? ஒரு பக்கம் பைப்பும் நட்டும். இன்னொரு பக்கம் அது போய் உட்காரும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தும் முக்கிய சிலிண்டர்), காலிப்பர் (டிஸ்க் பிரேக்கைப் பிடிப்பது), வீல் சிலிண்டர், ஹோஸ், சில கார்களில் ஏபிஎஸ் யூனிட் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது). பைப் மலிவு, புதிதாக வளைத்துச் செய்துகொள்ளலாம். மாஸ்டர் சிலிண்டரின் மரை போனால் முழு சிலிண்டரும் போச்சு, ஏபிஎஸ் யூனிட்டின் மரை போனால் அதைவிடப் பெரிய செலவு. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் பக்கம் நட்டு இறுகியிருந்தால் பைப்பைத் தியாகம் செய்யத் தயங்கவே கூடாது. வீல் சிலிண்டரைத் தூக்கிப் போடத்தான் போகிறீர்கள், பைப்போ நன்றாக இருக்கிறது என்றால் கணக்கு அப்படியே தலைகீழ். அப்போது சிலிண்டரை எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம், நட்டையும் பைப்பையும் மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் கீழே சொல்வதெல்லாம் தெளிவாகிவிடும்.

சில ஏற்பாடுகள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கண்ணாடி போடுங்கள், ஏனென்றால் மேலே பார்த்துக்கொண்டு துருவைத் தட்டும் வேலை இது, பிரேக் ஆயில் கண்ணில் விழுந்தால் சும்மா விடாது. பெயிண்டில் பட்டாலும் உரித்துவிடும், பட்ட இடத்தை உடனே தண்ணீரால் கழுவுங்கள். பைப்பைத் திறந்ததும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து ஆயில் சொட்டிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்த பிரேக் பெடலை ஓர் அங்குலம் அளவு அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து வையுங்கள். உள்ளே பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்து, டேங்கில் இருந்து ஆயில் வரும் துளையை மூடிவிடும். பெடல் அழுத்தியே இருப்பதால் பிரேக் லைட் எரியும், பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். ஏபிஎஸ் உள்ள காரில் ஆயில் சொட்டாமல் நிறுத்துவது இன்னும் முக்கியம். டேங்க் வறண்டு யூனிட்டுக்குள் காற்று புகுந்தால், பல மாடல்களில் ஸ்கேன் டூல் இல்லாமல் அந்தக் காற்றை எடுக்க முடியாது.

ஸ்பேனர் விஷயத்தில் சமரசம் வேண்டாம். பிளேர் நட் ஸ்பேனர் என்று தனியாகக் கிடைக்கிறது, ரிங் ஸ்பேனரில் பைப் நுழையும் அளவுக்கு ஒரு வாய் வெட்டின மாதிரி இருக்கும். ஓபன் ஸ்பேனர் நட்டை இரண்டே பட்டையில் பிடிக்கும், இது சுற்றிலும் பிடிக்கும். ஆனால் மலிவான பிளேர் ஸ்பேனர் பலம் கொடுத்தால் வாய் விரிந்துவிடும், விரிந்தால் ஓபன் ஸ்பேனருக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

நட்டு அசையவே இல்லை, மூலைகள் இன்னும் நன்றாக இருக்கின்றன

இதுதான் நல்ல நிலைமை, இதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் வேலை சுத்தம். கம்பி பிரஷ்ஷால் நட்டைச் சுற்றியும், முக்கியமாக நட்டின் பின்னால் பைப் வெளியே வரும் இடத்தையும் பளிச்சென்று தேய்த்து எடுங்கள். பட்டைகளில் துரு ஒட்டியிருந்தால் ஸ்பேனர் முழுதாக உட்காராது, பாதி உட்கார்ந்த ஸ்பேனர்தான் முக்கால்வாசி நட்டுகளை மழுங்கடிக்கிறது.

அப்புறம் பெனட்ரேட்டிங் ஆயில், அதாவது துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய். இரண்டு இடத்தில் போட வேண்டும்: நட்டு சிலிண்டருக்குள் போகும் இடம், நட்டின் பின்பக்கம் பைப் நுழையும் இடம். பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், அதன் பலன் அடுத்த அறிகுறியில் தெரியும். போட்டவுடன் திருகாதீர்கள். இரவு முழுக்க ஊறட்டும், நடுவில் இரண்டு மூன்று முறை மறுபடி அடித்து, சின்னச் சுத்தியலால் நட்டின் பட்டைகளில் மென்மையாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு விரிசல் விட்டால்தான் ஆயிலுக்கு உள்ளே போக வழி கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பிரேக் சிஸ்டத்தின் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பர் வகை. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்கு அது தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பருத்துக் கெட்டுப்போகும். எனவே நட்டு கழலும் தறுவாயில், முழுதாகத் திறக்கும் முன், வெளியே இருக்கும் எண்ணெய் எல்லாவற்றையும் பிரேக் கிளீனரால் கழுவித் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டுகூட உள்ளே போக வேண்டாம்.

இப்போது ஸ்பேனர். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். எதிர்ப்பக்கம் லேசாக அசைந்தாலே துருவின் பிடி உடைந்துவிடும். நீளமான குழாயை ஸ்பேனரில் செருகி மெதுவாக அழுத்துவதைவிட, குட்டையான ஸ்பேனரின் நுனியில் சின்னச் சுத்தியலால் டக் டக் என்று தட்டுவது நல்லது. நட்டு உள்ளே பொள்ளல், சுவர் மெல்லியது, மெதுவான பெரிய விசையில் முறுகி ஒடிந்துவிடும், சின்ன அடிக்கு விட்டுக்கொடுக்கும்.

ஸ்பேனர் வாய் விரிகிற மாதிரி தெரிந்தால், வாயின் இரண்டு கொம்பையும் சேர்த்து ஒரு வைஸ் கிரிப்பை (பூட்டிக்கொள்ளும் பிளையர்) குறுக்கே போட்டு இறுக்கிவிடுங்கள், இனி விரியாது. இடம் இருந்தால் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை என்பேன்.

நட்டு சுற்றுகிறது, பைப்பும் கூடவே முறுக்குகிறது

இதைத்தான் அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

திருகுவதற்கு முன் நட்டின் மேலிருந்து பைப் வரை மார்க்கரால் நேராக ஒரு கோடு போடுங்கள். நட்டு நகரும்போது அந்தக் கோடு உடைந்து, பைப் மேல் உள்ள பாதி அங்கேயே நின்றால் எல்லாம் சரி. கோடு உடையாமல் இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் நட்டின் மரை விட்டுவிட்டது, ஆனால் நட்டின் உள்பக்கம் பைப்போடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கையிலும் வித்தியாசம் தெரியும். மரை விடும்போது ஒரு டக் சத்தம் கேட்டு அப்புறம் சுலபமாகப் போகும். பைப் முறுக்கும்போது சத்தமே இருக்காது, ஸ்ப்ரிங் மாதிரி வளைந்து கொடுத்துவிட்டு, கையை எடுத்தால் கொஞ்சம் திரும்பி வரும். அந்த உணர்வு கிடைத்த நொடியே நிறுத்துங்கள். எஃகு பைப் கால் சுற்று அரைச் சுற்று முறுகினாலே பலவீனமாகிவிடும், இன்னும் போனால் நட்டுக்குப் பின்னால் ஒடிந்துவிடும்.

பைப்பைக் காப்பாற்ற வேண்டுமானால், நட்டுக்குப் பின்னால் உள்ள பைப்பை எமரி தாளால் வழுவழுப்பாகும் வரை தேயுங்கள், ஏனென்றால் அங்கே பெயிண்டோ துருமேடோ இருந்தால் நட்டு பின்னால் நகரவே முடியாது. பின்பக்கம் பெனட்ரேட்டிங் ஆயில், ஊறவிட்டு, பைப்பைக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முன்னும் பின்னும் சில டிகிரி மட்டும் ஆட்டுங்கள். பொறுமையாக, இடையிடையே ஆயில் விட்டு. கோடு உடைய ஆரம்பித்தால் ஜெயித்துவிட்டீர்கள், ஆட்டும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

வீல் சிலிண்டரைத் தூக்கிப் போடப் போகிறீர்கள் என்றால் இன்னொரு எளிய வழி உண்டு: சிலிண்டரின் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, நட்டையும் பைப்பையும் அசையாமல் பிடித்துக்கொண்டு சிலிண்டரையே சுற்றிக் கழற்றுங்கள். இடம் இருக்கும் கார்களில் இது அருமையாக வேலை செய்யும், பைப் ஒரு டிகிரிகூட முறுகாது.

ஏற்கெனவே பைப் முறுகிவிட்டது என்றால் அதைத் திருப்பி நேராக்கி ஓட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். முழு பிரேக் அடிக்கும்போது அந்தப் பைப்புக்குள் 70 பாருக்கு மேல் அழுத்தம் வரும். வெட்டிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள்.

ஸ்பேனர் வழுக்குகிறது, மூலைகள் மழுங்கிவிட்டன

முதல் வழுக்கலிலேயே நின்றுவிடுங்கள். ஒவ்வொரு வழுக்கலும் கொஞ்சம் இரும்பைச் சீவிக்கொண்டு போகிறது, இருக்கிற மிச்சத்தை வைத்துத்தான் கழற்றியாக வேண்டும்.

பைப்பை மாற்றப் போகிறீர்கள் என்றால் வேலை சுலபம்: நட்டின் பின்பக்கத்தோடு ஒட்டிப் பைப்பை வெட்டிவிடுங்கள், சின்ன டியூப் கட்டரோ ஹாக்ஸா பிளேடோ எதுவானாலும் சரி. குறுக்கே பைப் இல்லை என்றதும் ஆறு மூலை சாக்கெட்டை நட்டின் மேல் முழுதாக மாட்டலாம். பன்னிரண்டு மூலை சாக்கெட் இந்த வேலைக்கு ஆகாது, மழுங்கிய நட்டில் அது வழுக்கத்தான் செய்யும். பட்டை கொஞ்சம் போயிருந்தால் ஒரு அளவு குறைந்த சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். 7/16 அங்குலம் என்பது 11.11 எம்எம், எனவே 7/16 நட்டில் 11 எம்எம் சாக்கெட் இறுக்கமாக ஏறும். 11 எம்எம் நட்டு மழுங்கியிருந்தால் அரத்தால் எதிரெதிர்ப் பட்டைகளை 10 எம்எம்முக்கு ராவிவிட்டுப் போடலாம். பைப்பை வைத்துக்கொள்ள வேண்டிய இடத்திலும் ராவுவது செல்லும், அங்கே சாக்கெட்டுக்குப் பதில் 10 எம்எம் பிளேர் ஸ்பேனர்.

வைஸ் கிரிப் கடைசி ஆயுதம். பக்கவாட்டில் நுனியால் கடிக்க விடாமல், தாடையின் நடுப்பகுதி இரண்டு பட்டையில் படியும்படி, கை வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் போட வேண்டும். அது நட்டைப் பைப்பின் மேல் நசுக்கிவிடும் என்பதால், வைஸ் கிரிப் போட்டால் அந்தப் பைப் போனது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு காட்டலாமா?

காட்டலாம், எல்லா இடத்திலும் இல்லை. சூட்டில் வெளி உலோகம் விரிந்து துருவின் பிடி உடையும், இறுகிய நட்டுக்கு இதைவிட வலுவான மருந்து கிடையாது. ஆனால் பிரேக் ஆயில் எரியும். அடைத்த பைப்பைச் சூடாக்கினால் உள்ளே ஆயில் கொதித்து அழுத்தம் ஏறிப் பீய்ச்சி அடிக்கும், பழைய டாட் 3 ஆயில் ஈரம் ஏறியிருந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். ஆகவே பைப்பை வெட்டி, ஆயிலை வடித்து, துடைத்த பிறகுதான் சூடு. காரின் அடியில் பல இடங்களில் பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், அங்கே தீயை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ் யூனிட், ரப்பர் ஹோஸ் பக்கத்திலும் கூடாது. வீல் சிலிண்டரையோ காலிப்பரையோ சூடாக்கினால் உள்ளே உள்ள ரப்பரை நம்ப முடியாது, மாற்றியாக வேண்டும்.

இன்னொன்று, இது உயிர் விஷயம்: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டினால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். டப்பாவில் என்ன வகை என்று படித்துப் பாருங்கள், குளோரின் வகை என்றால் அன்றைக்குத் தீயைத் தொடாதீர்கள்.

ஹோஸ் இணைப்பில் நட்டோடு ஹோஸும் சுற்றுகிறது

இங்கே ஒரு ஸ்பேனர் போதாது. ஹோஸின் உலோக முனையில் உள்ள பெரிய பட்டையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, பைப் நட்டை இன்னொன்றால் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனரில் இழுத்தால் ஹோஸைத் தாங்கும் தகட்டு பிராக்கெட் வளைந்துவிடும், பழைய காரில் அது துருப்பிடித்துக் கையோடு வந்தாலும் வரும். ஹோஸை மாற்றப் போகிறீர்கள் என்றால் ரப்பரை நடுவில் அறுத்துவிட்டு, அதன் முனைக்கு ஆறு மூலை சாக்கெட்டே போட்டுக்கொள்ளலாம்.

ஏர் எடுக்கும் நிப்பிள் திரும்பவில்லை

பிரேக் பைப்பில் புகுந்த காற்றை வெளியே விடும் இந்த நிப்பிள், நடுவில் துளை உள்ள மெல்லிய சாமான், நட்டைவிடச் சீக்கிரம் ஒடியும். ரப்பர் மூடியைக் கழற்றி, துளைக்குள் இருக்கும் மண்ணை எடுத்துவிட்டு, துளைக்குச் சரியாகப் பொருந்தும் ட்ரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தை உள்ளே செருகி, அதன் தலையில் சுத்தியலால் சில முறை நேராகத் தட்டுங்கள். அடி நேராக மரை வரை இறங்கும், சுவரும் நசுங்காது. அப்புறம் ஆறு மூலை சாக்கெட். ஒடிந்தே போனால், ஒடிந்த துண்டைக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டரில் நேரம் செலவழிப்பதற்கு முன் வீல் சிலிண்டரின் விலையை ஒருமுறை பாருங்கள்.

நட்டு ஒடிந்து மரைக்குள் நின்றுவிட்டது

நட்டில் ஏற்கெனவே துளை இருப்பதால் எக்ஸ்ட்ராக்டர் போட வசதி. ஆனால் ட்ரில்லை ஆழமாக விடாதீர்கள், துளையின் அடியில்தான் பைப்பின் முகம் உட்காரும் இருக்கை இருக்கிறது, அதில் ஒரு கீறல் விழுந்தாலும் கசியும். சில மாஸ்டர் சிலிண்டர்களில் இந்த இருக்கை தனிப் பித்தளைத் துண்டு, மாற்ற முடியும். பலவற்றில் வார்ப்போடு சேர்ந்தது. ட்ரில் தூள் உள்ளே போனால் முழுதாகப் பிரித்துக் கழுவ வேண்டும். ஏபிஎஸ் யூனிட்டில் ஒடிந்தால் ட்ரில்லைத் தொடாமல், அனுபவமுள்ள மெஷின் ஷாப்பில் கொடுங்கள்.

புது நட்டு லூஸாகச் சுற்றுகிறது, அல்லது இரண்டு சுற்றில் இறுகி நிற்கிறது

பெரும்பாலும் மரை மாறிவிட்டது. ஜப்பானிய, ஐரோப்பிய கார்களில் பரவலாக எம்10 (10 எம்எம் விட்டம்), 1 எம்எம் பிட்ச் (மரைக்கு மரை தூரம்). பழைய பிரிட்டிஷ், அமெரிக்க கார்களில் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, யுஎன்எஃப் என்ற அங்குல மரை வகை. 3/8 என்பது 9.53 எம்எம், அதன் பிட்ச் 1.06 எம்எம். பிட்ச் கிட்டத்தட்ட ஒன்று, விட்டம் அரை எம்எம் குறைவு, அதனால் 3/8 நட்டு எம்10 துளைக்குள் சத்தமில்லாமல் ஏறிவிடும், இறுக்கும்போதுதான் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். பழைய நட்டை வெர்னியரில் அளந்து, பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டே புதுசு வாங்குங்கள். புது நட்டைக் கடைசி வரை கையாலேயே ஏற்ற முடிய வேண்டும், நடுவில் இறுகினால் கழற்றிப் பாருங்கள்.

துளையின் மரை உண்மையிலேயே போயிருந்தால் அந்தச் சாமானை மாற்றுவதுதான் வழி. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். இங்கே கசிவை அடைப்பது மரையே கிடையாது, அடியில் முகமும் இருக்கையும் அழுந்திப் படிவதுதான். டேப் துணுக்கு உள்ளே போய் வால்வை அடைக்கும். வெட்டிய பைப்பை கம்ப்ரஷன் ஜாயிண்ட் போட்டு ஒட்டுவதும் அதே அளவு ஆபத்து.

எல்லாம் மாட்டியாச்சு, கசிகிறது

முதலில் பிளேர் வகையைப் பாருங்கள், பிளேர் என்றால் பைப்பின் முனையை விரித்து அடித்த முகம். துளைக்குள் டார்ச் அடித்தால், அடியில் கூம்பு மேலே எழுந்திருந்தால் அது டபுள் பிளேர் இருக்கை, உள்ளே குழிந்திருந்தால் பபிள் பிளேர். ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும், இறுக்க இறுக்க இருக்கைதான் நாசமாகும். வகை சரி என்றால் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள், இரண்டு மூன்று முறை செய்தால் முகம் படிந்துகொள்ளும், குப்ரோ நிக்கல் (செம்பு நிக்கல் கலவை) பைப்பில் இது சீக்கிரம் சரியாகும். எம்10 நட்டுக்கு பல கார்களில் 12 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும், உங்கள் கார் மேனுவலில் உள்ள எண்ணே முடிவானது. அப்படியும் கசிந்தால் கழற்றி பிளேரின் ஓரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். மயிர் போன்ற விரிசலோ, ஒரு பக்கம் சாய்வோ இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக பிளேர் அடிக்க வேண்டும்.

மாட்டும்போதே நட்டின் பின்பக்கம், பைப் நுழையும் இடத்தில், கொஞ்சம் பிரேக் கிரீஸ் வைத்துவிடுங்கள். தண்ணீர் அங்கே தேங்காது, அடுத்த முறை கழற்றுகிறவருக்குப் பைப் முறுக்காது. பிளேர் முகத்தில் மட்டும் எதுவும் படக் கூடாது.

ஏர் எடுத்து முடித்ததும் இன்ஜினை ஓடவிட்டு, ஒருவர் பெடலை நன்றாக அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் டிஷ்யூவில் தெரியும். மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒற்றிப் பாருங்கள், மறுநாள் காலை டேங்கில் ஆயில் அளவையும் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால் எங்கே என்று தெரியும் வரை கார் ரோட்டுக்குப் போகக் கூடாது.